பலகையில் 8191

கண்ணு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் கடைப் பலகையைக் கழற்றிவிடும்படி கேட்டிருந்தாய். கழற்றிவிட்டேன். நேற்று காலை தேவராஜ் ஏணியைக் கொண்டுவந்து சார்த்தினார், நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன், பலகை இறங்கிவிட்டது. அது தொங்கிய இடத்தில் சுவர் பழைய பச்சை நிறத்திலேயே இருந்தது, சுற்றிலும் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "இன்னாங்க ஆச்சு? யாராவது வகுத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் கண்ணு, பலகை இறங்கிவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டுக் கடிதத்தை மடித்துவிடாதே. கடைசி வரைக்கும் படி. நடுவில் கோபம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. இது உனக்கு எழுதியதுதான் என்றாலும் ரகசியம் ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் உன் தோழிகளுக்குப் படித்துக் காட்டு. உனக்கு நிச்சயம் பண்ணப்போகிற அந்தப் பையனுக்குக் கட்டாயம் படித்துக் காட்டு.

முதலில் பலகை எப்படி வந்தது என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவனுக்குத் தெரியாது. வீசையும் சேரும் போய்க் கிலோ வந்த காலம். பழைய எடைக்கற்கள் எனக்குப் பிடிக்கும். முழுசு, அதில் பாதி, பாதியில் பாதி என்று இறங்கும், புத்தியைக் கசக்க வேண்டியதில்லை. புதுக் கற்களுக்கு முத்திரை குத்த ஓர் அதிகாரி கடை கடையாக வந்தார். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, அப்புறம் நேராக ஐந்துக்குத் தாவியது. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. "சார், நாலு நிறுக்கணும்னா இன்னா பண்றது?" என்று கேட்டேன். "ரெண்டாம் நம்பர் கல்லு ரெண்டா வெச்சிக்கோங்க" என்றார். "ஒரே மாதிரி ரெண்டு கல்லு எதுக்கு சார்? ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு இரட்டிச்சிகினே போனா ஒவ்வொண்ணுல ஒரு கல்லு போதுமே. நடுவுல எந்த எடையும் வுட்டுப் போவாதே" என்றேன். அவர் நல்ல மனுஷர், சிரித்தார். "இதை டில்லிக்கு எழுதிப் போடுங்க" என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நான் டில்லிக்கு எழுதவில்லை. பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கல் இருந்தால் ஒன்று வரைக்கும் நிறுக்கலாம். இரண்டு கல் இருந்தால் மூன்று வரைக்கும். மூன்று கல் என்றால் ஏழு. நான்கு கல் என்றால் பதினைந்து. ஐந்து என்றால் முப்பத்தொன்று. ஆறு என்றால் அறுபத்து மூன்று. ஏழு என்றால் நூற்று இருபத்தேழு. இந்த மொத்தங்களை வரிசையாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று, ஏழு, முப்பத்தொன்று, நூற்று இருபத்தேழு. நான்கையும் எதாலும் வகுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். எத்தனை கல்லில் வந்தது என்று பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. அவையும் பகா எண்கள். நான்கு கல்லையும் ஆறு கல்லையும் பார், நான்கும் ஆறும் வகுபடும், பதினைந்தும் அறுபத்து மூன்றும் வகுபடும். கற்களின் எண்ணிக்கை பகா எண் என்றால் மொத்த எடையும் பகா எண். பங்கு போட்டுப் பிழைக்கிற மளிகைக்கடைக்காரனுக்குப் பங்கு போட முடியாத எண்களின் விதி கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சர்க்கரை வாங்க வந்தவர்களுக்கு நான் என்ன நிறுத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்தது பதினொரு கல். மொத்தம் 2047. இதையும் வகுத்துப் பார்க்காமல் இருப்பேனா? மூன்றால் வகுத்தேன், ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால், பதினேழால், பத்தொன்பதால் வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன் என்று நீ பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். இருபதாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் எனக்கு மனப்பாடம். எங்கள் வாத்தியார் இருபதோடு நிறுத்திக்கொண்டார், நானும் நிறுத்திக்கொண்டேன். வாய்ப்பாடு முடிகிற இடத்தில் உலகமும் முடிகிறது என்று எல்லாரையும் போல நானும் நினைத்தேன். பெயிண்டரைக் கூப்பிட்டுத் தார் பூசிய பலகையில் வெள்ளை எழுத்தில் 2047 என்று பெரிதாக எழுத வைத்தேன். அடியில், "இந்த எண்ணை மீதியில்லாமல் வகுப்பவருக்கு ஒரு டின் கடலை எண்ணெய் பரிசு. அவர் பெயர் இதே பலகையில் எழுதப்படும்." முதல் நாளே ஓர் ஆள் ஒன்றால் வகுத்துவிட்டு டின்னைத் தூக்க வந்தான். அதனால், "ஒன்றும் அதே எண்ணும் செல்லாது" என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று.

தேவராஜைப் பற்றி உன் ஆளுக்குச் சொல். மாரிகுப்பத்தில் வீடு, தங்க மைனில் டிம்பர் மேஸ்திரி, சுரங்கத்துக்குக் கீழே பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிற கூட்டத்துக்குத் தலைவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து குளித்துவிட்டு நேராக நம் கடைக்குத்தான் வருவார். "கீழ எத்தினி பாறை ஒடச்சிட்டோம், இந்த நம்பர ஒடைக்க முடியாதா?" என்று சாக்பீஸைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரைப் பார்த்து அவர் கூட்டமும் வந்தது. கடை வாசல் சிமெண்டுத் தரை முழுக்க வகுத்தல் கணக்கு. உன் அம்மா காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதெல்லாம் என்னைத் திட்டினாள். வியாபாரம் குறையவில்லை, கூடியது. நான் வியாபாரத்துக்காகப் பலகை வைத்தேன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். சொல்லட்டும். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஊரில் எல்லாவற்றையும் உடைத்துப் பொடியாக்கி அரித்துத்தான் தங்கம் எடுக்கிறார்கள், நான் உடையாத ஒன்றை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை நீ உடைத்தாய். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். சம்பள நாள், கடை வாசலில் நிற்க இடமில்லை. நீ பள்ளிக்கூடப் பையோடு வந்து, சோப்புப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, பலகைக்கு அடியில் சுவரில் 23 × 89 என்று எழுதினாய். எழுதிவிட்டு இறங்கி நின்றாய். தேவராஜ்தான் தரையில் உட்கார்ந்து பெருக்கினார். பெருக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கல்லாவை விட்டு எழுந்து வந்து பெருக்கினேன். 23ஐ 90ஆல் பெருக்கி 23ஐக் கழித்தேன். மறுபடி 89ஐ 20ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினேன். எப்படிப் பெருக்கினாலும் 2047தான் வந்தது. "எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "நீ பத்தொன்பதுல வுட்டுட்ட நைனா. நான் அடுத்ததுல ஆரம்பிச்சேன்."

அந்த ஒரு வரியை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண்ணிலேயே உடைந்துவிட்டது. ஊரே சிரித்தது. மகளிடம் தோற்றவன் என்றார்கள். வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? பழைய காலத்தில் ஐரோப்பாவில் பெரிய படிப்புப் படித்தவர்களும் இதே விதியை நம்பி இதே இடத்தில் இடறியிருக்கிறார்கள் என்று நீயே காலேஜிலிருந்து எழுதியிருந்தாய். பதினொரு கல்லில் விதி பொய், பதின்மூன்றில் உண்மை, பதினேழில் உண்மை, பத்தொன்பதில் உண்மை, இருபத்து மூன்றில் மறுபடி பொய். இந்த மாதிரி வருகிற பகா எண்கள் முடிவில்லாமல் போகுமா, ஓர் இடத்தில் நின்றுவிடுமா என்று இன்றைக்கு வரை உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றும் எழுதியிருந்தாய். அப்படியென்றால் நான் ஒன்றும் கேவலமான இடத்தில் தவறவில்லை. நல்ல இடத்தில்தான் தவறினேன், அதையும் என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

டின்னை அங்கேயே எடுத்துக் கொடுத்தேன். "நம்ம எண்ணெய நம்ம வூட்டுக்கே பரிசா குடுக்கிறீங்களா?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ டின்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்ணெ வேணாம் நைனா. பேரு எழுது" என்றாய். பலகையில் நான் வாக்குக் கொடுத்திருந்ததைத்தான் கேட்டாய். அப்போதுதான் வீட்டில் பிரளயம். வயசுக்கு வரப்போகிற பெண்ணின் பெயரைக் கடைத்தெருவில் எழுதித் தொங்கவிடுவதா என்று உன் அம்மா கேட்டாள். அவளோடு தெருவே சேர்ந்துகொண்டது. ஷிப்ட் முடிந்து வருகிற ஆம்பிளைகள் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்றார்கள். உன் அம்மா மூன்று வேளை சாப்பிடாமல் இருந்தாள். பெயர் எழுதவில்லை. உனக்கு அழத் தெரியும், ஆனால் அன்றைக்கு அழவில்லை. "சரி, அடுத்த நம்பர் போடு. இந்த வாட்டி வகுத்துப் பாத்துட்டுப் போடு" என்றாய்.

பதின்மூன்று கல். மொத்தம் 8191. இரண்டு பேரும் சேர்ந்துதான் வகுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் ஆள் வராத நேரத்தில் நீ பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாய். எதுவரைக்கும் வகுக்க வேண்டும் என்று கேட்டேன். தொண்ணூறைத் தொண்ணூறால் பெருக்கினால் 8100, தொண்ணூற்றொன்றைத் தன்னாலேயே பெருக்கினால் 8281, அதனால் இந்த எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது தொண்ணூறுக்குள் இருந்தே ஆக வேண்டும், அதற்கு மேல் தேடுவது வீண் என்றாய். மூன்றிலிருந்து எண்பத்தொன்பது வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்தோம். இருபத்து மூன்றாம் வாய்ப்பாடு, இருபத்தொன்பதாம் வாய்ப்பாடு எல்லாம் அந்த வயதில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எண்பத்தொன்பதிலும் மீதி வந்தபோது நீ மூட்டையிலிருந்து குதித்தாய். பெயிண்டர் வந்தார், பழைய எண்ணை அழித்தார், 8191 ஏறியது.

பிறகு நீ பெங்களூருக்குப் படிக்கப் போய், அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினாய். அத்தனை தடவை வகுத்திருக்கவே வேண்டியதில்லை நைனா, பதின்மூன்று கல்லின் மொத்தத்தை ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணை இருபத்தாறால் வகுக்கும்போது ஒன்றுதான் மீதி வர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, தொண்ணூறுக்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐம்பத்து மூன்றும் எழுபத்தொன்பதும் மட்டும்தான், அந்த இரண்டால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் என் மத்தியானத் தூக்கம் எவ்வளவு மிஞ்சியிருக்கும். ஆனாலும் அன்றைக்கே இரண்டாலும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றில் மீதி 29, இன்னொன்றில் 54. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். இன்னொரு கடிதத்தில், ஒரு கல், அதைப்போல் தொண்ணூறு மடங்கு ஒரு கல், அதைப்போல் தொண்ணூறு மடங்கு ஒரு கல், இந்த மூன்றையும் தட்டில் வைத்தாலும் 8191தான் வரும் என்று எழுதினாய். இரட்டித்துப் போனாலும் அது, தொண்ணூறு தொண்ணூறாகப் போனாலும் அது. இப்படி இரட்டித்தும், வேறொரு மடங்கில் மூன்று கல்லாவது வைத்தும் அமைகிற எண் இதைவிட்டால் முப்பத்தொன்று மட்டும்தான் இதுவரைக்கும் தெரியும் என்றாய். அந்தக் கடிதத்தை நான் தேவராஜுக்குப் படித்துக் காட்டினேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். கிண்டலுக்குத்தான் கும்பிட்டார், ஆனாலும் கும்பிட்டார்.

அவர் வகுப்பதை விடவில்லை. சம்பள நாள் வந்தால் ஒரு தடவையாவது சாக்பீஸ் கேட்பார். "பாதியாக்கிப் பாத்தேங்க, ஒண்ணு மிஞ்சுது. அதுல பாதி பண்ணேன், ஒண்ணு மிஞ்சுது. அடிவரிக்கும் போனேன், ஒவ்வொரு வாட்டியும் அந்த ஒண்ணு மிஞ்சிகினே கீது" என்பார். ஒரு தடவை ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். 91ஐயும் 90ஐயும் பெருக்கி 8190 என்று காட்டினார். "ஒண்ணுதாங்க மீதி. ஒண்ணுக்காக இம்மாம் பிடிவாதமா? வுட்டுக்குடுத்து டின்னக் குடுங்க" என்றார். வியாபாரி வியாபாரியிடம் பேசுகிற பேச்சு. அவர் போன பிறகு அந்த 8190ஐ எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டால் வகுபடுகிறது, மூன்றால் வகுபடுகிறது, ஐந்தால், ஆறால், ஏழால், ஒன்பதால், பத்தால், பதின்மூன்றால், பதினான்கால், பதினைந்தால், பதினெட்டால் வகுபடுகிறது. கை நீட்டினவனுக்கெல்லாம் பங்கு கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கிற 8191 யாருக்கும் மசியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று. இதை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், வேலையில் மறந்துபோனேன். இப்போது எழுத வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

உன் வருங்கால மாமனார் போன மாதம் வந்தார். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகத்தான் உட்கார வைத்தோம். அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "இது இன்னாங்க சம்பந்தி, எண்ணெ வெலையா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "நிச்சயத்துக்கு எங்க ஜனம் பஸ் வெச்சிகினு வருதுங்க. பொண்ணோட அப்பா ஒரு மாதிரின்னு பேசுவாங்க. ஒரு பலகதானே, கழட்டி உள்ள வெச்சிடுங்க" என்றார். நான் பார்க்கலாம் என்றேன். அதைத்தான் அவர் அங்கே வந்து உன்னிடமும் சொல்லியிருக்கிறார், நீ எனக்கு எழுதினாய். உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கேட்டது நீ என்பதுதான் வருத்தம். ஆனால் அவர் உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. உன் அம்மா அதை உனக்கு எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே உன் அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு காலேஜுக்கு வேலைக்குப் போறதெல்லாம் கல்யாணம் வரைக்கும்தாங்க. அதுக்கு மேல எங்க வூட்டு மருமக பாடம் நடத்திகினு நிக்கணும்னு இல்ல. சின்ன விஷயந்தானே, அப்புறம் பேசிக்கலாம்." பலகையும் சின்ன விஷயம், உன் வேலையும் சின்ன விஷயம். ஒண்ணுதானே மீதி, விட்டுக்கொடுங்க என்று துணிக்கடைக்காரர் சொன்னாரே, அதே பேச்சு. உன் அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணம் நின்றுபோகுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நீயே பார்த்து விரும்பின பையன். எனக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. கடைக்கு முதல் தடவை வந்தபோது அவன் பலகையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மாப்பிள்ளைக்கு அந்த ஒரு தகுதி போதும் என்று அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அவன் அப்பா சொன்னது அவனுக்குத் தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்பதை நீதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிச்சயத்துக்கு முன்னால் கேள். பேனாவை எடுத்தவன் வாயைத் திறந்து பதில் சொல்லட்டும்.

விட்டுக்கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை கண்ணு. குடும்பம் என்றால் நாளெல்லாம் விட்டுக்கொடுப்பதுதான். குழம்பில் புளி எவ்வளவு, பொங்கலுக்கு யார் வீடு, எந்தப் பேட்டையில் குடித்தனம், எல்லாவற்றையும் விட்டுக்கொடு. உன் அம்மாவும் நானும் அப்படித்தான் வாழ்ந்தோம், இப்போதும் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் அந்த ஒன்றை விடாதே. சோப்புப் பெட்டிமேல் ஏறி நின்று ஊருக்கு முன்னால் என்னைத் தோற்கடித்தாயே, அந்தப் பெண்ணை விடாதே. அவளை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பதை ஆளுக்கு ஒரு பக்கம் பங்கு போட்டுக்கொள்வார்கள், உனக்கு என்று எதுவும் மீதி இருக்காது. கிளாசில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற வேலை உனக்குச் சம்பளத்துக்கான வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை ஒருவர் செருப்புப் போடுகிற நேரத்தில் பேசி முடித்துவிட்டுப் போக நான் விட மாட்டேன். பிடிவாதக்காரன் என்பார்கள். ஆமாம், பிடிவாதக்காரன்தான். பைத்தியம் என்பார்கள். பைத்தியம் வளர்த்த பெண்ணைத்தானே கேட்டு வந்தார்கள்.

இப்போது பலகை விஷயம். பலகையில் இருந்த முதல் எண்ணை இறக்கியது யார்? நீ. 23 × 89 என்று எழுதினாய், மறுபேச்சுப் பேசாமல் அழித்தேன். இந்த எண்ணையும் அதே மாதிரி இறக்க உனக்கு உரிமை உண்டு, உன் மாமனாருக்கும் உண்டு, பஸ் வைத்துக்கொண்டு வருகிற ஜனம் எல்லாருக்கும் உண்டு. சாக்பீஸ் தருகிறேன், வகுக்கட்டும். வகுத்தால் அந்த நிமிஷமே இறக்கிவிட்டு டின்னையும் தூக்கிக் கொடுக்கிறேன். வகுக்க முடியாது என்று எனக்கு எழுதி அனுப்பினவள் நீ. ஐம்பத்து மூன்றையும் எழுபத்தொன்பதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. நீயே சொல், எந்த நியாயத்தில் இறக்கச் சொல்கிறாய்?

பிறகு ஏன் இறக்கினேன் என்று கேட்பாய். பெயிண்ட் அடிக்கத்தான். வருஷக்கணக்கில் வெயிலும் மைன் தூசியும் பட்டு எழுத்து மங்கிப்போயிருந்தது. விருந்தாளிகள் வருகிற நேரத்தில் பலகை பளிச்சென்று இருக்க வேண்டாமா? அதோடு, வாக்குக் கொடுத்து எழுதாமல் விட்ட ஒரு வரியும் பாக்கி இருந்தது. இன்று சாயங்காலம் காய்ந்ததும் தேவராஜ் மறுபடி ஏணி போட்டார். பச்சைச் சதுரம் தெரியாமல் அதே ஆணியில் மாட்டியாகிவிட்டது. 8191க்கு அடியில் இப்போது இப்படி இருக்கிறது: "முன்பு இங்கே இருந்த 2047ஐ வகுத்தவர், கடைக்காரர் மகள், பூங்கோதை எம்.எஸ்ஸி., கல்லூரிக் கணித விரிவுரையாளர்." அடுத்த வியாழக்கிழமை அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அதுதான். படித்துவிட்டு உள்ளே வருகிறவர்களுக்குத்தான் இந்த வீட்டில் காபி. படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கு நான் வழியை மறிக்க மாட்டேன்.

உன் அம்மாவுக்குச் சொல்லாமல்தான் எழுத வைத்தேன். பலகை ஏறின பிறகு வெளியே வந்தாள். தெருவில் இறங்கி, எதிர்க் கடை ஓரம் வரைக்கும் பின்னாலேயே போய் நின்று பார்த்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று உனக்குத் தெரியும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இன்னொரு பிரளயத்துக்குத் தயாராக நான் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பேரு சின்னதா கீதுங்க. எட்ட நின்னா தெரியல" என்றாள்.

பெயிண்டரை நாளைக் காலையில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் நைனா